பதிவேட்டில் இருக்கும் பழைய மாணவர்கள்

ஜூன் மாதத்தில் எங்கள் பள்ளி அலுவலகத்துக்கு இரண்டு வகையானவர்கள் வருகிறார்கள். முதல் வகையினர் பிள்ளையைச் சேர்க்க வருபவர்கள். இரண்டாம் வகையினர் கையில் பிள்ளை இல்லாமல், பெரும்பாலும் கம்பெனிச் சட்டையோடு, மதியம் இரண்டரை மணிக்கு மேல் தயங்கித் தயங்கி வருவார்கள். "நான் இங்கதான் படிச்சேன் டீச்சர். டி.சி. வாங்காமலே போயிட்டேன். இப்போ கிடைக்குமா?" என்று கேட்பார்கள். எந்த ஆண்டு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உடன் படித்தவர்களின் பெயர்களையும் அப்போதிருந்த தலைமையாசிரியரின் பெயரையும் சொல்வார்கள். அதை வைத்துத்தான் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்ட வேண்டும்.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் ஒரகடத்தில் சந்திக்கின்றன. அதைச் சுற்றியுள்ள ஊர் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் பகுதியில் ஒருவருடைய வயதைக் கேட்டாலே அவர் படிக்கும்போது ஊர் எப்படி இருந்தது என்று சொல்லிவிடலாம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது 1998இல். ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறந்தது 2010இல். இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவில் ஏரியும் வயலுமாக இருந்த ஊர்கள் சிப்காட் ஆயின. அந்த ஆண்டுகளில் எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ படிப்பை விட்டவர்கள்தான் இன்று முப்பத்தைந்து, நாற்பது வயதில் நம் அலுவலக வாசலில் நிற்கிறார்கள். வேலை பக்கத்திலேயே வந்துவிட்டது. ஆனால் இயந்திரத்தின் முன் நிற்கும் வேலைக்கு ஐ.டி.ஐ., டிப்ளமோ, பிளஸ் டூ என்று கேட்டார்கள். நிலம் கொடுத்த ஊர்க்காரருக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஹவுஸ்கீப்பிங், கேண்டீன், தோட்டம், செக்யூரிட்டி. அதுவும் கான்ட்ராக்ட்.

இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது. குறிப்பாக, அவர்கள் மறுபடி படிக்க நினைத்தால் என்ன வழிகள் உள்ளன, அந்த வழிகளில் நம்மைப் போன்ற பள்ளி ஆசிரியர்கள் எங்கே நிற்கிறோம் என்பதைப் பற்றியது.

முதலில், ஏன் வருகிறார்கள்? "படிப்பில் ஆர்வம்" என்று நாம் எழுதிக்கொள்ளலாம். வருகிறவர்கள் சொல்லும் காரணங்கள் இன்னும் திட்டமானவை. சத்துணவு அமைப்பாளர் பணிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். தொகுதி 4 தேர்வுக்கும் அதுதான் குறைந்தபட்சத் தகுதி. வளைகுடா நாட்டு வேலைக்குப் போக நினைப்பவர் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றிருந்தால் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை தேவையில்லை என்ற வகையில் வருவார். இல்லையென்றால் போகுமுன் தனியாக அனுமதி பெற வேண்டும். சரக்கு வாகன உரிமத்துக்கு எட்டாம் வகுப்பு கட்டாயம் என்ற விதி 2019இல் நீக்கப்பட்டது. அதற்கு முன்பு எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதியவர்களில் ஓட்டுநர்கள் நிறையப் பேர். விதி போனபின் அவர்கள் வரவும் நின்றுவிட்டது. காரணம் எவ்வளவு திட்டமானதோ, வருகையும் அவ்வளவு திட்டமானது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இன்னொரு காரணத்தை வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள். 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியபோது ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வேலை தேடினார்கள். அதை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. ஓர் ஆலைக்குள் இருக்கும்வரை கைப்பழக்கம் பேசும். வெளியே வந்து அடுத்த ஆலையின் கேட்டில் நிற்கும்போது கையில் உள்ள தாள்தான் பேசும். பத்து ஆண்டு அனுபவம் உள்ளவரின் விண்ணப்பத்தையும் நேற்று படிப்பை முடித்த பிள்ளையின் விண்ணப்பத்தையும் ஒரே வரிசையில் வைத்து, முதலில் கல்வித் தகுதிக் கட்டத்தைத்தான் பார்க்கிறார்கள்.

தேர்வு இருக்கிறது, வகுப்பு இல்லை

தமிழ்நாட்டில் வயது வந்தவருக்குத் தேர்வுக் கதவு நெடுநாளாகத் திறந்தே இருக்கிறது. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை 12½ வயது நிறைந்த யாரும் எழுதலாம். மேல் வயது வரம்பு கிடையாது. எட்டாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்றும் 14½ வயதும் இருந்தால் பத்தாம் வகுப்பை நேரடித் தனித்தேர்வராக எழுதலாம். ஒரு முறையில் தேறாத பாடங்களைத் துணைத் தேர்வில் எழுதலாம். பள்ளி மாணவர் எழுதும் அதே வினாத்தாள், அதே சான்றிதழ்.

இரண்டாவது வழி தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1979இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் ஒரு சிறு திட்டமாகத் தொடங்கி, 1989இல் தனி நிறுவனமானது. எட்டாம் வகுப்புச் சான்று இல்லாதவரும் சுய உறுதிமொழி தந்து பத்தாம் வகுப்பில் சேரலாம். ஐந்து ஆண்டுகளுக்குள், ஒன்பது வாய்ப்புகளில், பாடம் பாடமாக எழுதி முடிக்கலாம். ஐந்து பாடங்களைத் தாமே தேர்ந்தெடுப்பதால் கணிதம் இல்லாமலும் பத்தாம் வகுப்பு முடிக்க முடியும். கணித ஆசிரியராகிய எனக்கு இது கொஞ்சம் வலிக்கிறது. ஆனாலும் கணிதத்தால் மட்டுமே நின்றுபோனவர்களுக்கு இது உண்மையான கதவு. எங்கள் பகுதியில் வேலை செய்யும் ஒடிசா, பீகார்த் தொழிலாளர்களுக்கும் தமிழ்நாட்டு வாரியத்தைவிட இதுவே பொருத்தம்.

மூன்றாவது வழியைப் பலர் அறிவதில்லை. எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்துத் தேசியத் தொழிற்சான்றிதழ் பெற்றவர், பத்தாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் எழுதித் தேறினால் பத்தாம் வகுப்புக்கு இணையான சான்று பெறலாம். பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. படித்தவருக்குப் பிளஸ் டூ மொழித்தாள்கள் வழியாக இதே ஏற்பாடு உண்டு. ஆலையில் ஃபிட்டராக, வெல்டராக இருக்கும் பலர் இன்னும் இரண்டு தாள்கள் மட்டும்தான் பாக்கி என்பது தெரியாமலேயே இருக்கிறார்கள். அரசு ஐ.டி.ஐ.யில் சேரப் பெண்களுக்கு மேல் வயது வரம்பு இல்லை என்பதையும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். எத்தனை தாய்மார்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள் என்று தெரியும்.

முற்றிலும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022 முதல் நடக்கிறது. நம்மில் பலர் அதன் மையங்களை நடத்தியிருக்கிறோம் என்பதால் விளக்க வேண்டியதில்லை. வாசித்தல், எழுதுதல், எண்ணறிவு ஒவ்வொன்றுக்கும் 50 என்று 150 மதிப்பெண்ணுக்கு நடக்கும் அந்தத் தேர்வோடு திட்டம் நின்றுவிடுகிறது. பேருந்துப் பலகையைப் படிக்கக் கற்றுக்கொண்ட ஒருவர் அடுத்து எட்டாம் வகுப்புத் தேர்வுக்குப் போக வேண்டுமென்றால் நடுவில் படிக்கட்டே இல்லை. கேரளத்தில் எழுத்தறிவு இயக்க ஆணையம் நான்கு, ஏழு, பத்து, பன்னிரண்டு என்று சமநிலைத் தேர்வுகளைப் படிப்படியாக வைத்திருக்கிறது. விடுமுறை நாட்களில் பள்ளிகளிலேயே வகுப்பும் நடத்துகிறது. 2018இல் கார்த்தியாயினி அம்மா என்ற 96 வயது மூதாட்டி எழுத்தறிவுத் தேர்வில் நூற்றுக்கு 98 எடுத்தது நாடெங்கும் செய்தியானது. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது நடிகர் இந்திரன்ஸ் பற்றிய செய்தி. நான்காம் வகுப்போடு நின்ற அவர் பத்தாம் வகுப்பில் சேரப் போனபோது, முதலில் ஏழாம் வகுப்பு முடிக்க வேண்டும் என்றார்கள். அவரும் 2024இல் அந்தத் தேர்வை எழுதினார். படி இருந்ததால்தான் அவரை அதில் ஏறச் சொல்ல முடிந்தது.

நம்மிடம் தேர்வு இருக்கிறது, வகுப்பு இல்லை. தனித்தேர்வர் என்ற சொல்லே அதைச் சொல்லிவிடுகிறது. படிப்பதும் தனியாக, எழுதுவதும் தனியாக. அந்த இடைவெளியைத்தான் டுடோரியல்கள் நிரப்புகின்றன. அவற்றில் நேர்மையாகப் பாடம் நடத்துபவை உண்டு. "ஒரே மாதத்தில் பத்தாவது பாஸ்" என்று மின்கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டுபவையும் உண்டு. அந்த நோட்டீசை நம்பிப் பணம் கட்டியவரின் சான்றிதழ் உண்மைத்தன்மைச் சரிபார்ப்புக்குப் போகும் நாளில் வேலையும் போகும், சில சமயம் வழக்கும் வரும்.

பட்டப் படிப்பில் இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று உண்டு. பத்தாவதோ பிளஸ் டூவோ இல்லாமல், வயதை மட்டும் தகுதியாகக் கொண்டு திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் நேரடியாகப் பட்டம் பெற்றவர்கள் நம் பகுதியில் நிறையப் பேர். 2009இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த அரசாணை 107, பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையில் முடித்தவர்களின் பட்டத்தையே அரசுப் பணிக்கு ஏற்க முடியும் என்று தெளிவாக்கியது. மூன்று ஆண்டு இரவெல்லாம் படித்து வாங்கிய பட்டம், விண்ணப்பத்தின் கல்வித் தகுதிக் கட்டத்தில் எடுபடாமல் போவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். யாராவது "எந்தக் கோர்ஸ் சேரலாம் டீச்சர்?" என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி "எந்த வேலைக்கு, எந்த இடத்தில் காட்டப் போகிறீர்கள்?" என்பதுதான். பதில் கிடைத்தால் அந்த வேலையின் அறிவிப்பில் தகுதிப் பகுதியைச் சேர்ந்து உட்கார்ந்து படிப்போம். அதற்குப் பிறகே கட்டணம்.

பதிவேடு

இனி நம் அலுவலகத்துக்கு வருவோம். வயது வந்தவர் மறுபடி படிக்கத் தொடங்கும் பாதையில் முதல் தடை கணிதமும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. மாற்றுச் சான்றிதழ்தான், அல்லது தொடக்கப் பள்ளி என்றால் பதிவுத்தாள்.

சேர்க்கைப் பதிவேடு நிரந்தர ஆவணம். பள்ளிக் கட்டடம் இடிந்து புதிதாகக் கட்டப்பட்டாலும் பதிவேடு இருக்க வேண்டும். எங்கள் பள்ளியில் அது இரும்பு பீரோவின் அடித்தட்டில், கரையான் அரித்த ஓரங்களோடு இருந்தது. பழைய பதிவேடுகளை ஆண்டு வாரியாகப் பிரித்து அட்டை போட்டு, ஒவ்வொன்றிலும் தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் முகப்பில் எழுதி வைத்தோம். இரண்டு சனிக்கிழமை வேலை. இப்போது ஒரு பெயரைத் தேட கால் மணி நேரம் போதும். முன்பெல்லாம் "நாளைக்கு வாங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது. ஷிப்ட் வேலை பார்ப்பவருக்கு நாளை என்பது அடுத்த வாரம். அடுத்த வாரம் என்பது பெரும்பாலும் வராமலே போவது.

பெயர் கிடைத்தாலும் சிக்கல் தீராது. பதிவேட்டில் 'செல்வி', ஆதாரில் 'தமிழ்ச்செல்வி'. பதிவேட்டில் அப்பாவின் முதலெழுத்து ஒன்று, வாக்காளர் அட்டையில் வேறு. பிறந்த தேதியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்தக் காலத்தில் கையைத் தலைக்கு மேல் வளைத்துக் காதைத் தொட்டால் ஐந்து வயது. உடனே ஜூன் மாதத் தேதி ஒன்றை வாத்தியார் போட்டுவிடுவார். எங்கள் பழைய பதிவேட்டில் ஒரு பக்கத்தில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில்தான் பிறந்திருக்கிறார்கள். இந்த வேறுபாடுகளைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் முன்பே எடுத்துச் சொல்லி, எது சரியோ அதற்கேற்ப மற்ற ஆவணங்களைத் திருத்தச் சொல்ல வேண்டும். மதிப்பெண் சான்றிதழ் அச்சாகி வந்தபின் திருத்துவது பெரும்பாடு.

அந்தப் பக்கத்தில் "நீண்ட நாள் வரவில்லை – நீக்கப்பட்டது" என்று சிவப்பு மையில் ஒரு வரி இருக்கும். வந்தவர் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று அதைத் தலைகீழாகவே படித்துவிடுவார். அந்த நேரத்தில் அலுவலகத்தில் யாரும் "ஏன் நின்றீர்கள்?" என்று கேட்காமல் இருப்பது நல்லது. உட்கார நாற்காலி கொடுத்தால் போதும்.

அறிவியல் செய்முறையும் நம் கையில்தான் இருக்கிறது. பத்தாம் வகுப்பு நேரடித் தனித்தேர்வர் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்து, ஒதுக்கப்பட்ட பள்ளியில் 80 சதவீதம் வருகை தர வேண்டும். கருத்தியல் 75க்கு 20, செய்முறை 25க்கு 15 எடுத்தால்தான் தேர்ச்சி. இந்தப் பதிவைத் தவறவிட்டு ஓர் ஆண்டை இழப்பவர்கள் அதிகம். அறிவிப்பு நாளிதழில் ஒரு நாள் வரும். நம் பள்ளிக் கேட்டில் அதை ஒரு மாதம் ஒட்டி வைக்க ஐந்து ரூபாய் ஜெராக்ஸ் செலவுதான்.

நாற்பது வயதுக்காரருக்குச் சதவீதம்

நான்கு ஆண்டுகளாக, தலைமையாசிரியரின் அனுமதியோடு, ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம் தனித்தேர்வர்களுக்குக் கணிதம் சொல்லித் தருகிறேன். நண்பர் ஒருவர் ஆங்கிலம் எடுக்கிறார். ஓர் ஆண்டில் எட்டுப் பேருக்கு மேல் இருந்ததில்லை. அதனால் இதைப் பெரிய சாதனையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கற்பித்தல் பற்றி பி.எட். வகுப்பில் கிடைக்காத சில பாடங்கள் இங்கே கிடைத்தன.

பி.எட்.டில் பியாஜே படித்தோம், குழந்தையின் வளர்ச்சி நிலைகளைப் படித்தோம். வளர்ந்தவர் எப்படிக் கற்கிறார் என்பதற்கு ஒரு பக்கம்கூட இருந்ததாக நினைவில்லை. பாவ்லோ ஃபிரெய்ரே பெயர் தேர்வுக்கு வரும். அவர் 1963இல் பிரேசிலின் அங்கிகோஸ் ஊரில் முந்நூறு தொழிலாளர்களுக்கு நாற்பது மணி நேரத்தில் எழுத்தறிவு கொடுத்தது, செங்கல் போன்ற அவர்கள் வேலையின் சொற்களிலிருந்து எழுத்தைத் தொடங்கியதால்தான் முடிந்தது. இதைப் பின்னாளில்தான் படித்தேன். 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் இதே வகைதான். படிப்பு எங்கே பயன்படும் என்பது அன்று மாலையே தெரிந்துவிட வேண்டும்.

சதவீதத்துக்கு நான் பாடநூலைத் திறப்பதில்லை. சம்பளச் சீட்டைக் கொண்டுவரச் சொல்கிறேன். அடிப்படை ஊதியம் 15,000 என்றால் வருங்கால வைப்பு நிதிக்குப் பிடித்தம் 12 சதவீதம், அதாவது 1,800. மொத்த ஊதியம் 18,000 என்றால் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் 0.75 சதவீதம், 135 ரூபாய். தசமப் புள்ளியோடு சதவீதம் கணக்கிட எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் திணறுவார்கள். இவர்கள் திணறமாட்டார்கள். விடை சீட்டிலேயே அச்சாகி இருப்பதால், வழியைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டார்கள். மாதம் 15,600 என்றால் 26 நாளுக்கு நாள் ஒன்றுக்கு 600, மணிக்கு 75, தொழிற்சாலைகள் சட்டப்படி மிகைநேரத்துக்கு இரட்டிப்பு என்றால் 150 என்று போட்டுப் பார்த்த ஓர் அக்கா, பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தன் சீட்டை மறுபடி எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அதற்குமேல் பாடம் நடக்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடம் அளவீடு. வெர்னியர் அளவி, திருகு அளவி, மீச்சிற்றளவு. நம் பிள்ளைகளுக்கு அது படம். ஆய்வகத்தில் ஒன்றோ இரண்டோ கருவி இருக்கும், நாற்பது பேர் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்ப்பார்கள். ஒன்பதாவது பாதியில் நின்று, பின்னர் உதிரிபாகக் கம்பெனியில் தரப்பரிசோதனை மேசைக்கு வந்துவிட்ட ஒருவர், அந்தப் பாடத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதைத்தானா டீச்சர் நான் படிக்காம ஓடினேன்?" என்று கேட்டார். அவர் கையில் உள்ள கருவி 0.02 மில்லிமீட்டர் வரை அளக்கிறது. பாடநூலின் வெர்னியர் மீச்சிற்றளவு 0.01 சென்டிமீட்டர். இரண்டில் எது நுட்பமானது என்று கேட்டேன். எங்கள் பிள்ளைகளில் பலர் 0.01 சிறியது, எனவே அதுதான் என்பார்கள். அவர் அலகைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

பத்தாம் வகுப்பின் திட்டவிலக்கமும் இப்படித்தான். 25 மில்லிமீட்டர் விட்டம் வேண்டிய ஒரு பாகத்தை இரண்டு இயந்திரங்கள் செய்கின்றன. ஒன்றில் 24.99, 25.00, 25.01. இன்னொன்றில் 24.95, 25.00, 25.05. சராசரி இரண்டுக்கும் 25.00. எந்த இயந்திரம் நல்லது? ஆலையில் வேலை செய்பவர் யோசிக்காமல் முதல் இயந்திரத்தைச் சொல்வார். ஏன் என்று கேட்டால் "ரெண்டாவது ஆடுது" என்பார். அந்த ஆட்டத்துக்கு ஓர் எண் கொடுப்பதுதான் திட்டவிலக்கம் என்றால் சூத்திரம் பாதி இறங்கிவிடுகிறது. கணக்கிட்டால் முதலாவதற்கு ஏறத்தாழ 0.008, இரண்டாவதற்கு 0.041. இதே எடுத்துக்காட்டை இப்போது காலை வகுப்பில் என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். அவர்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் அந்த இயந்திரத்தின் முன் நின்றுவிட்டு வந்திருப்பார்.

புரிதல் ஒரு பக்கம், தேர்ச்சி மறுபக்கம். கணிதத்தில் 35 எடுக்க வேண்டும். செய்முறை வடிவியல் 8, வரைபடம் 8. ஆலைக்காரரின் கை கவராயத்துக்கும் அளவுகோலுக்கும் பழகிய கை என்பதால் இந்த 16ஐ முதலில் உறுதி செய்கிறோம். எதிர் மாறுபாட்டு வரைபடத்தில் ஆட்கள் கூடினால் நாட்கள் குறையும் என்பதை அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை. 14 ஒரு மதிப்பெண் வினாக்களில் 9, இரண்டு மதிப்பெண் வினாக்களில் ஐந்து என்றால் கணக்கு சரியாக 35இல் நிற்கிறது. ஐந்து மதிப்பெண் வினாக்கள் அதற்கு மேல் கிடைப்பவை. முக்கோணவியலை விட்டுவிடலாமா என்று கேட்பவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை.

எதிர்பாராத தடை கை. இருபது ஆண்டு கையெழுத்து மட்டுமே போட்டவர் மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுத முடியாது. விரல் மரத்துப்போகும், தோள் வலிக்கும். விடை தெரிந்தும் தாளில் பாதி வெறுமையாக இருந்துவிடும். அதனால் ஜூலையில் இருபது நிமிடம் பார்த்து எழுதுவதில் தொடங்கி, மாதத்துக்கு இருபது நிமிடம் கூட்டிக்கொண்டே போகிறோம். மார்ச்சில் மூன்று மணி நேரம் எட்டிவிடலாம். ஆங்கிலத்தில் இன்னொரு விநோதம். இயந்திரத்தில் உள்ள 'எமர்ஜென்சி ஸ்டாப்', 'டேஞ்சர்' எல்லாம் பெரிய எழுத்தில் இருப்பதால் அவற்றைச் சரளமாகப் படிப்பார்கள். அதே சொல்லைச் சிறிய எழுத்தில் பாடநூலில் கண்டால் தடுமாறுவார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் இரண்டு வாரத்தில் சரியாகிறது.

ஷிப்ட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வாரத்துக்கு வாரம் மாறும். இரவுப் பணி முடித்து நேராக வகுப்புக்கு வருபவர் பத்தரை மணிக்குத் தூங்கிவிடுவார், எழுப்பக் கூடாது. ஒவ்வொரு பாடத்தையும் அடுத்தடுத்த இரண்டு ஞாயிறுகளில் நடத்துகிறேன். இரண்டில் ஒன்றுக்காவது வந்துவிடுவார்கள். விடுபட்டதற்குப் பாடநூலின் க்யூஆர் கோடு காணொளிகள் உதவுகின்றன. கம்பெனிப் பேருந்தில் போகும் முக்கால் மணி நேரத்தில் பார்க்கிறார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி வளாகம் திறக்கப்பட்டிருக்கிறது. அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் பிளஸ் டூ முடித்த இளம்பெண்கள், பல மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களின் தேவை பத்தாம் வகுப்பு அல்ல, அஞ்சல்வழிப் பட்டமும் டிப்ளமோவும். அந்த வளாகத்துக்குள்ளேயே மாலை வகுப்பு நடத்த இடம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று கடந்து போகும்போதெல்லாம் நினைக்கிறேன். அது ஒரு பள்ளி ஆசிரியரின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

அழைக்கும் முறை பற்றி மட்டும் ஒரு சொல். நம் நாக்குக்கு "வா, உட்கார், நோட்டை எடு" பழகிவிட்டது. என்னைவிட இரண்டு வயது மூத்தவரை அப்படி அழைக்க முடியாது. அண்ணா, அக்கா என்கிறேன், அவர்கள் டீச்சர் என்கிறார்கள். தவறான விடையைக் கரும்பலகையில் எழுதிக் காட்டித் திருத்துவது பிள்ளைகளிடம் நடக்கும், இவர்களிடம் நடக்காது. ஒருமுறை சிரிப்பு எழுந்தாலும் அடுத்த ஞாயிறு ஓர் இருக்கை காலியாகும். அவர்களில் இருவரின் பிள்ளைகள் எங்கள் பள்ளியிலேயே படிக்கிறார்கள். ஓர் அம்மா தன் மகளுக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சரி என்றேன். மற்றவரோ மகனின் பழைய பாடநூலையே எடுத்து வருகிறார். அதில் மகன் பென்சிலால் போட்ட கணக்குகளில் பிழை கண்டுபிடிப்பது அவருக்குப் பெரிய பொழுதுபோக்கு.

சென்ற முறை ஆறு பேர் விண்ணப்பித்தார்கள். நான்கு பேர் எல்லாப் பாடங்களிலும் தேறினார்கள். ஒருவருக்கு மகப்பேறு, தேர்வுக்கே போகவில்லை. கேண்டீனில் வேலை செய்யும் ஓர் அக்கா மற்ற நான்கு பாடங்களிலும் தேறி, கணிதத்தில் 31 எடுத்தார். வரைபடத்தில் அளவுத்திட்டம் எழுதாமல் விட்டிருந்தார். துணைத் தேர்வுக்கு விண்ணப்பித்துவிட்டோம். இந்த மாதம் முழுக்க ஏ ஷிப்ட் கேட்டு வாங்கியிருக்கிறார். மாலை நாலு மணிக்கு எங்கள் பத்தாம் வகுப்பு அறையின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நாள் ஒன்றுக்கு இரண்டு வரைபடம் போடுகிறார்.